ஒற்றுப்பிழை

நூற்று நாற்பத்து மூன்றாம் பக்கத்தில்
அப்பாவின் பெயரில் ஓர் எழுத்தைக் காணவில்லை.
துறைகாரன் காளிகுட்டி,
அடைப்புக்குறிக்குள்: ஒற்றன்.

அரசடியில், மாவு மில்லுக்குப் பின்னால் உள்ள அச்சகத்தில்
பதினாறு வருசமாய் மெய்ப்புப் பார்க்கிறேன்.
கலியாணக் கார்டு, நினைவு மலர், கோயில் நோட்டீசு,
வருசத்துக்கு நாலைந்து சரித்திரம்.
சரித்திரம் கொண்டுவருகிறவர்கள் பென்சன்காரர்கள்,
அட்டைக்குச் சிவப்புத்தான் கேட்பார்கள்.

வாவியின் குறுக்கே கயிறு பிடித்து இழுத்துப்போகும் மிதவைக்கு
எங்கள் பக்கம் பாதை என்று பெயர்.
பாதை நின்றுபோன அந்த ராவைப் பற்றி
இது நான்காவது புத்தகம்.

முதலாவது எழுவான்கரையில் எழுதினது:
கயிற்றை அறுத்தார், சனம் அக்கரையில் அகப்பட்டது.
இரண்டாவது டொரொன்டோவில், வழவழத்த தாளில்:
நாலு நடையில் எண்பது பேரை இக்கரை சேர்த்தார்,
ஐந்தாம் நடையில் தண்ணீரோடு போனார்.
அப்பா தண்ணீரோடு போகவில்லை.
பதினொரு வருசம் கழித்து, சீனி வருத்தத்தில்,
பெரியாசுபத்திரி ஏழாம் வாட்டில் போனார்.
மூன்றாவது ஓர் அறிக்கை. அதில் அவர் இல்லை.
‘படகுச் சேவை தடைப்பட்டிருந்தது’, அவ்வளவுதான்.

இப்போது இது.
துறையில் நின்று லாந்தரை
மூன்று தரம் உயர்த்திக் காட்டினாராம்.

லாந்தர் வீட்டில் இருந்தது.
தம்பிக்குக் காய்ச்சல், அம்மா திரியைத் தணித்து வைத்திருந்தா,
ஏழு வயதில் நான் அதைப் பார்த்துக்கொண்டே கிடந்தேன்.
அது அந்த ராவா, முந்தின ராவா என்றால்
சத்தியம் பண்ண மாட்டேன்.
விடியப்புறம் அவர் வந்தது நினைவிருக்கிறது.
சாறன் இடுப்புவரை நனைந்திருந்தது.
சோறு கேட்டார், மறுகா வேணாம் என்றார்.
‘என்ன நடந்த?’ என்று அம்மா கேட்க,
‘தண்ணி ஏறிட்டு.’
பதினொரு வருசத்தில்
அதோடு வேறு ஒரு சொல்லும் அவர் சேர்க்கவில்லை.

ஆசிரியர் அழகரெத்தினம் காணிக் கந்தோரில் இருந்தவர்.
கெட்ட மனிதர் என்று சொல்ல முடியாது,
வரும்போதெல்லாம் கச்சான் சரை ஒன்று கொண்டுவருவார்.
ஒவ்வொரு தாளின் அடியிலும் ‘கா.’ என்று கையெழுத்திடுவேன்.
கா என்றால் என்னவென்று அவர் கேட்டதில்லை.

பத்தொன்பது இடங்களில் பெயர். பத்தொன்பதிலும் க் இல்லை.
அப்படியே விட்டால் அது வேறு ஆள்.
காளிகுட்டி என்று எங்கள் பக்கம் எவனும் பிறந்ததில்லை,
இலக்கணம் விடாது.
பிறக்காத அவனே துறையில் நிற்கட்டும்,
லாந்தரை எத்தனை தரமும் உயர்த்தட்டும்.
அவனுக்குப் பிள்ளைகள் இல்லை.

இரண்டு நாள் கட்டு மேசையிலேயே கிடந்தது.
மெசின் ஜவ்பர் இரண்டு தரம் எட்டிப் பார்த்துவிட்டு
ஒன்றும் கேட்காமல் போனான்.

மூன்றாம் நாள் சிவப்புப் பேனையை எடுத்தேன்.
அடுத்த வரியில் ‘காட்டி கொடுத்தான்’ என்றிருந்தது.
அதற்கும் ஒரு க் வேண்டும்.
ஒன்றைப் போட்டு மற்றதை விட
எந்த விதியும் எனக்குத் தெரியவில்லை.
இரண்டையும் போட்டேன்.
ஓரத்தில் பென்சிலால், ‘லாந்தர்: ஆதாரம்?’
தாள் திரும்பி வந்தது.
அவருடைய அழகான கையெழுத்தில்: ‘ஊரறிந்தது.’

கடைசியில் பெயரகராதி.
காரைதீவுக்கும் கிட்டங்கிக்கும் நடுவில் அப்பா.
அவருக்கு நேரே உள்ள பக்க எண்களை
ஒவ்வொன்றாய்ப் புரட்டிச் சரி பார்த்தேன்.
எல்லாம் சரி. எல்லாப் பக்கத்திலும் அவர் இருக்கிறார்.

முன்னூற்றுப் பன்னிரண்டு பக்கம், பக்கத்துக்கு இருபத்தைந்து ரூபாய்.
‘அச்சுக்குப் போகலாம்’ என்று எழுதினேன்.
அடியில் இந்த முறை முழுப்பெயர்:
காளிக்குட்டி நேசமலர்.
க் இருக்கிறதா என்று
ஒருதரம் பார்த்துக்கொண்டேன்.